பந்தி பிரிந்த பிறகு கட்டிய வீடுகள்: கல்கத்தாக் கல்லூரிகளும் விலக்கப்பட்ட மாணவர்களும்

1911ஆம் ஆண்டு கல்கத்தாப் பிரசிடென்சி கல்லூரியில் மேக்நாத் சாகா என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். டாக்காவை அடுத்த சியோராதாலி அவரது சொந்த ஊர். தந்தை சிறு கடை வைத்திருந்தவர். ஊரில் தொடக்கப்பள்ளிக்கு மேல் படிக்க வழியில்லாததால், சில மைல் தொலைவிலிருந்த சிமுலியாவில் அனந்தகுமார் தாஸ் என்னும் மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தவர் சாகா. தங்கவும் உண்ணவும் அம்மருத்துவர் இடம் தந்தார். மாட்டைப் பராமரிப்பதும், உண்ட தட்டைத் தானே கழுவி வைப்பதும் சிறுவனின் கடமைகள். சாதியில் தாழ்ந்தவனாகக் கருதப்பட்ட சிறுவனின் எச்சில் தட்டை அவ்வீட்டில் வேறெவரும் தொட இயலாது என்பதே இரண்டாவது கடமையின் பொருள்.

பிரசிடென்சியில் ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அவருக்கு ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். வகுப்பறையில் சாகாவை எவரும் தடுக்கவில்லை. தடை ஈடன் இந்து விடுதியின் உணவுக்கூடத்தில் இருந்தது. அவருடன் ஒரே பந்தியில் அமர உயர்சாதி மாணவர்கள் மறுத்தனர். அவர் தனியே உண்ண வேண்டியதாயிற்று. சரஸ்வதி பூசையிலும் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கல்வித் தெய்வத்தின் முன் நிற்கும் தகுதி, அவ்விடுதியின் கணக்கில், கல்வியால் வருவதன்று. இறுதியில் அவர் அங்கிருந்து வெளியேறி, கல்லூரித் தெருவில் ஒரு மெஸ்ஸில் தங்கினார். அவருக்காக நண்பர்கள் சிலரும் விடுதியைத் துறந்ததாக அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1920இல், விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை உலகுக்கு அளித்தவர் இவரே.

மேதைகளின் இளமைத் துயரங்களுள் ஒன்றாக இந்நிகழ்ச்சி வழக்கமாகச் சொல்லப்படுகிறது. சாகா வென்றுவிட்டதால், கதை கேட்பவர்க்கு ஆறுதலும் கிடைத்துவிடுகிறது. ஆனால் மெஸ் தேடி வெளியேற நண்பர்கள் வாய்க்காத மாணவர்கள் என்ன ஆனார்கள்? கல்லூரி வாசல் திறந்த பின்னும் மூடியிருந்த உணவுக்கூட வாசலை அவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்? சிறுபான்மை, ஒடுக்கப்பட்ட மாணவர் அமைப்புகளின் வரலாறு இக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

கல்கத்தாவின் நவீனக் கல்வி தொடக்கத்திலேயே வேலியிட்டு வளர்ந்தது. 1817இல் நிறுவப்பட்ட இந்து கல்லூரி இந்துக்களுக்கு மட்டும் உரியது. 1824இல் தொடங்கிய சமஸ்கிருதக் கல்லூரியில் பிராமணரும் வைத்தியரும் மட்டுமே பயில முடிந்தது. ஈஸ்வர சந்திர வித்யாசாகர் முதல்வரான பின்னரே, 1851இல் காயஸ்தர்க்கும், சில ஆண்டுகளில் பிற மதிப்புமிக்க இந்துச் சாதியினர்க்கும் அது திறக்கப்பட்டது. விதவை மறுமணத்துக்காக வங்காளத்தையே எதிர்த்து நின்ற அதே வித்யாசாகர், 1855இல் சுவர்ணவணிகர் சாதியைச் சேர்ந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் கோரிக்கைக்கு இசையவில்லை. சீர்திருத்தத்தின் எல்லை எங்கே முடிந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அதே 1855இல் இந்து கல்லூரி பிரசிடென்சி கல்லூரியாகி, அனைத்துச் சமயத்தார்க்கும் சட்டப்படி திறந்தது.

ஹூக்ளியில் நிலைமை இன்னும் விந்தையானது. ஹாஜி முகம்மது மொஹ்சின் 1806இல் தம் சொத்து முழுவதையும் அறக்கட்டளையாக எழுதி வைத்து, 1812இல் மறைந்தார். அந்நிதியைக் கொண்டு 1836இல் ஹூக்ளிக் கல்லூரி எழுந்தது. ஒரு முஸ்லிம் கொடையாளரின் பணத்தில் நடந்த அக்கல்லூரியில் பயின்றோருள் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். பங்கிம் சந்திரரும் அங்கே படித்தவரே. கல்வி பொதுவாக இருந்ததில் குற்றமில்லை. கொடையாளரின் சமூகத்துப் பிள்ளைகள் அவ்வாசலுக்குள் வரவே இயலாத நிலை நீடித்ததுதான் கேள்விக்குரியது.

அக்கேள்வியை விடாது எழுப்பியவர் நவாப் அப்துல் லத்தீப். 1863இல் கல்கத்தாவில் முகமதிய இலக்கியச் சங்கத்தை நிறுவி, ஆங்கிலக் கல்வியை முஸ்லிம்களிடம் எடுத்துச் சென்றவர் அவர். மொஹ்சின் நிதி முஸ்லிம் மாணவர்க்கே பயன்பட வேண்டும் என்ற அவரது நெடிய வாதம் 1873இல் பலித்தது. அதன்பின் ஹூக்ளிக் கல்லூரியின் செலவை அரசு ஏற்றது. மொஹ்சின் நிதி மதரசாக்களுக்கும், அரசுக் கல்லூரிகளில் பயின்ற ஏழை முஸ்லிம் மாணவரின் கட்டணத்துக்கும் உதவித்தொகைக்கும் திருப்பப்பட்டது.

கட்டணம் கிடைத்தது, கட்டில் கிடைக்கவில்லை. கிழக்கு வங்காளத்தின் ஆற்றங்கரைச் சிற்றூர்களிலிருந்து வந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைக்குக் கல்கத்தாவில் உறவினர் இல்லை. இந்து விடுதியில் அவனுக்கு இடமில்லை. பெயரே அதைச் சொல்லிவிடுகிறது. இந்தக் குறையை நிரப்பவே முஸ்லிம் மாணவர் விடுதிகள் தோன்றின. 1910இல் ஸ்மித் சந்தில் எழுந்த பேக்கர் விடுதி அவற்றுள் புகழ்பெற்றது. 1926இல் இஸ்லாமியா கல்லூரி, இன்றைய மௌலானா ஆசாத் கல்லூரி, அதனருகே தொடங்கியது.

இது வங்காளத்துக்கு மட்டும் உரிய கதையன்று. 1905–06 கல்வியாண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற கறுப்பின மாணவர்கள் ஒரு செய்தியால் அதிர்ந்தனர். முந்தைய ஆண்டு அங்கே பயின்ற கறுப்பின மாணவர் அறுவரும் திரும்பி வரவில்லை. வெள்ளையர் நிரம்பிய வளாகத்தில் தனிமையே அவர்களைத் துரத்தியது. எஞ்சியோரைத் தக்கவைக்க, ஒன்றுகூடிப் படிக்கவும் ஒருவர்க்கொருவர் துணைநிற்கவும் ஒரு குழு உருவானது. 1906 டிசம்பர் 4 அன்று அது ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் சகோதரத்துவ அமைப்பாயிற்று. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1966இல், சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர் ஒன்றியம் பிறந்தது. 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை பிற சிறுபான்மை மாணவர்களுடன் சேர்ந்து அது நடத்திய வேலைநிறுத்தத்தின் விளைவாக, அங்கே இனவியல் கல்விக்கெனத் தனிப் புலமே அமைந்தது. முதலில் தாக்குப்பிடித்தல், பிறகு உரிமை கோரல், அதன்பின் பாடத்திட்டத்தையே மாற்றுதல் என்னும் வரிசை கவனிக்கத்தக்கது.

சென்னைக்கும் இவ்வரிசை அந்நியமன்று. மாநகரில் பிராமணரல்லாத மாணவர்க்குத் தங்கவும் உண்ணவும் இடம் அரிதாக இருந்த 1910களில், மருத்துவர் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்னும் மாணவர் விடுதியை நடத்தினார். நீதிக்கட்சியின் முன்வரலாறு ஒரு விடுதியின் அடுக்களையையும் உள்ளடக்கியது. சில ஆண்டுகள் கழித்துச் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனிப் பந்தி போடப்பட்ட செய்தி, காங்கிரசையே உலுக்கியது. வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் அன்று எழுப்பிய கேள்வியும், ஈடன் விடுதியில் சாகா சந்தித்த கேள்வியும் ஒன்றே.

மீண்டும் கல்கத்தா. 1942இல் ஃபரித்பூர் மாவட்டம் கோபால்கஞ்சிலிருந்து வந்த ஓர் இளைஞர் இஸ்லாமியா கல்லூரியில் சேர்ந்து, பேக்கர் விடுதியின் 24ஆம் எண் அறையில் தங்கினார். பிற்காலத்தில் வங்கதேசத்தை நிறுவிய ஷேக் முஜிபுர் ரஹ்மான் அவர். 1943இன் பஞ்சத்தில் கல்கத்தாத் தெருக்களில் மக்கள் மடிந்தபோது, கஞ்சித்தொட்டிகளை நடத்தியோருள் அவரும் ஒருவர். விடுதியில் மிஞ்சிய உணவைப் பசித்தோர்க்குப் பகிர்ந்தளித்ததை, அவர் மறைவுக்குப் பின் 2012இல் வெளிவந்த முற்றுப்பெறாத தன்வரலாற்றில் பதிவுசெய்திருக்கிறார். பந்தியில் இடம் மறுக்கப்பட்டோர்க்கெனக் கட்டிய வீட்டின் அடுக்களை, தெருவில் கிடந்தோர்க்கும் சோறிட்டது.

எனினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. அவ்விடுதிகள் முஸ்லிம் லீகின் மாணவர் படைக்குப் பாசறைகளாகவும் ஆயின. 1946 ஆகஸ்ட் 16 அன்று தொடங்கிய கல்கத்தாப் படுகொலையில் நகரம் தெருத்தெருவாக இரண்டுபட்டது. தனி விடுதி, தனிக் கல்லூரி, தனிச் சங்கம் என்று தொடங்கியது தனி நாட்டில் போய் முடிந்ததே என்று கேட்போர் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் காலவரிசையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பேக்கர் விடுதிக்குப் பல ஆண்டுகள் முன்னரே இந்து விடுதி இருந்தது. அதற்கும் முன்னரே இந்து கல்லூரி இருந்தது. பந்தி முதலில் பிரிந்தது, வீடு பின்னரே பிரிந்தது.

அதே 1946இன் மற்றொரு பதிவும் உண்டு. பொருளியலறிஞர் பவதோஷ் தத்தா அப்போது இஸ்லாமியா கல்லூரியில் ஆசிரியர். மாணவர்கள் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள்; ஆசிரியர் பலர் இந்துக்கள். கலவர நாட்களில் அம்மாணவர்கள் இந்துப் பகுதியின் எல்லையில் காத்திருந்து, ஆசிரியர்களைப் பாதுகாப்பாகக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டதைத் தத்தா தம் நினைவுநூலில் எழுதியுள்ளார். துணை செய்தோருள் முஜிபும் இருந்தார். தனி வீட்டில் வளர்ந்தவர் அடுத்த வீட்டாரைக் காக்க மாட்டார் என்னும் முடிவுக்கு இப்பதிவு இடங்கொடுப்பதில்லை.

முஜிபின் ஊர்ப் பகுதியிலேயே அமைந்தது ஒராகாந்தி. தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட நாமசூத்திரரின் மத்துவா இயக்கத்துக்கு அதுவே தலைமையிடம். ஹரிசந்த் தாக்கூரின் மகன் குருசந்த் (1847–1937) தம் மக்களுக்குக் கல்வியையே விடுதலை வழியாகக் காட்டி ஊர்தோறும் பள்ளிகளை ஊக்குவித்தார். நாமசூத்திரர்க்குக் கல்லூரி விடுதி பிறகு வந்த கவலை. கிராமப் பள்ளியையே அவர்கள் தாமே கட்ட வேண்டியிருந்தது.

விடுதலைக்குப் பிந்தைய மேற்கு வங்காளம் சாதியைக் கடந்துவிட்டதாகப் பெருமை பேசியது. அப்பெருமையைச் சிதைத்த பெயர் சுனி கோட்டால். ஆங்கிலேயர் குற்றப் பரம்பரையெனப் பட்டியலிட்ட லோதா சபர் பழங்குடியில் பிறந்து, 1985இல் பட்டம் பெற்றவர். அச்சமூகத்தின் முதல் பெண் பட்டதாரி. மேதினிப்பூரில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியர் விடுதியின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியபடியே, வித்யாசாகர் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் முதுகலையில் சேர்ந்தார். பிற மாணவியர்க்குக் கூரை காத்தவர்க்கு, வகுப்பறையில் பிறப்பைச் சுட்டும் இழிசொல்லே கிடைத்தது. முறையிட்டார், விசாரணைக் குழுவும் அமைந்தது, நீதி வரவில்லை. 1992 ஆகஸ்ட் 16 அன்று, 27 வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மகாசுவேதா தேவி அவருக்காக எழுதினார். கொல்கத்தாவில் வங்க தலித் இலக்கிய அமைப்பினர் தெருமுனைக் கூட்டங்களும் மாநாடுகளும் நடத்தினர். அத்தனை குரல்களும் எழுந்தது அவர் மறைந்த பின்னர். அவர் படித்த நாட்களில், மாலையில் சென்று அமர்ந்து நடந்ததைச் சொல்லி ஆற அவ்வளாகத்தில் ஓர் அமைப்பு இருந்திருந்தால் என்ற எண்ணத்தைத் தவிர்க்க இயலவில்லை.

மறு ஆண்டு, 1993இல், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கம் தோன்றியது. பிற்காலத்தில் அதனைச் சார்ந்த ஐந்து தலித் ஆய்வு மாணவர்க்கு விதிக்கப்பட்ட தண்டனை, விடுதியிலிருந்து வெளியேற்றம். அவர்கள் வளாகத்தில் திறந்தவெளியில் கூடாரமிட்டு, அதற்கு 'வெளிவாடா' என்று பெயரிட்டனர். ஆந்திர கிராமங்களில் சேரியைக் குறிக்கும் சொல் அது. அவருள் ஒருவரான ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தார். சாகா விடுதியைத் துறந்து நூறாண்டு கடந்த பின்னும், உயர்கல்வி தன் விலக்கலை விடுதி வாசலில்தான் நிறைவேற்றியது.

கல்லூரியில் சாதியின் பெயரால், சமயத்தின் பெயரால் சங்கம் எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். கல்வி பொதுவானது, மாணவர் அனைவரும் மாணவரே என்பது அவர்தம் வாதம். வாதம் அழகியது. ஆனால் அது வகுப்பறையை மட்டுமே பார்க்கிறது. மணி அடித்து வகுப்பு கலைந்தபின் ஒரு மாணவர் எங்கே உண்கிறார், யாருடன் அமர்கிறார், காய்ச்சல் கண்டால் யார் கஞ்சி கொண்டு வருகிறார், ஆசிரியர் இழித்துப் பேசினால் யாரிடம் சொல்கிறார் என்பனவற்றை அது பார்ப்பதில்லை. சேர்க்கைப் பதிவேடு திறந்த கதவுகளைக் கணக்கிடும். இடையில் படிப்பை விட்டுச் சென்றோர் எந்த உணவு மேசையில் தனித்திருந்தனர் என்பது அப்பதிவேட்டில் இராது.

பேக்கர் விடுதியும், திராவிடர் இல்லமும், கார்னெல் மாணவரின் படிப்புக் குழுவும், அம்பேத்கர் மாணவர் சங்கமும் கொள்கைகளால் வேறுபட்டவை. சில பிழைகளும் செய்தவை. ஆயினும் ஊரைவிட்டு வந்து முதல் வாரத்தைத் தனியே கழிக்கும் ஒரு மாணவருக்கு, "வா, இங்கே உட்கார்ந்து சாப்பிடு" என்று சொல்ல ஆளிருக்க வேண்டும் என்னும் தேவையிலிருந்தே அவை பிறந்தன. எல்லோர்க்கும் ஒரே பந்தி போடும் கல்லூரியில் அச்சங்கங்களுக்கு வேலை குறையும். அதுவரை அவற்றைக் கலைக்கச் சொல்வோர், முதலில் உணவுக்கூடத்துக்குள் சென்று, யார் தனியே உண்கிறார் என்று பார்த்து வரலாம்.