மின்தொகுப்பு வீழ்ச்சி: பெங்களூரும் தென்மண்டலமும்

ஒரு பெரும் பிரதேசத்தின் மின்னாக்க நிலையங்களும், அவற்றை ஊர்களோடு பிணைக்கும் உயர்அழுத்தக் கம்பிகளும், ஒரே தாளத்துக்குக் கட்டுப்பட்ட ஒற்றை யந்திரம்போல் இயங்கும் அமைப்புக்கு மின்தொகுப்பு என்று பெயர். அந்தத் தாளம் குலைந்து, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் தாமே துண்டித்துக்கொள்ள, பிரதேசம் முழுவதும் சில விநாடிகளில் இருளில் மூழ்கிப்போவதை மின்தொகுப்பு வீழ்ச்சி என்பர். தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் வெடித்து ஒரு வட்டாரம் இருண்டு போவதும், பற்றாக்குறையை முன்னிட்டு மணிக்கணக்கில் முறைவைத்து வெட்டுவதும் இதில் அடங்கா. பேச்சுவழக்கில் மூன்றுக்கும் ‘கரன்ட் போயிற்று’ என்னும் ஒரே வாசகந்தான் உண்டாகையால், இந்த வேற்றுமையை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினமாகையால், உற்பத்தியும் உபயோகமும் கணந்தோறும் சமமாக இருந்தாக வேண்டும். இந்தியாவில் மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழல்கள் என்ற கணக்கில் ஓடுகிறது. பாரம் மிஞ்சிய வண்டியில் மாடுகளின் நடை தளர்வதைப் போல, தேவை மிஞ்சினால் யந்திரங்களின் சுழற்சி தளர்ந்து இந்த எண் இறங்குகிறது, 49.90க்கும் 50.05க்கும் இடையில் அது நிற்க வேண்டும் என்பது இன்றைய விதி. மிகவும் தாழ்ந்துவிட்டால், தம் சக்கரங்கள் சேதமடையாதிருக்கும் பொருட்டு நிலையங்கள் தொகுப்பிலிருந்து விலகிக்கொள்கின்றன, ஒன்று விலகினால் எஞ்சியவற்றின் சுமை கூடுகிறது, அவையும் விலகுகின்றன.

இந்த விபத்துக்கு மிகுந்த இடங்கொடுப்பது குளிர்காலம் என்று வடதேசத்தார் கருதுவர். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உறைமழை பெய்து, கம்பிகளின் மேல் பனிக்கட்டி ஏறி, எஃகுக் கோபுரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. 2013 டிசம்பரில் அதே போன்ற மழையால் டொராண்டோவில் மூன்று லட்சம் மின் இணைப்புகள் அறுபட, ஸ்கார்பரோ பகுதியில் குடியேறிய ஈழத்தமிழர் பலரும் இருட்டிலும் குளிரிலும் அந்த நாட்களைக் கழித்தனர். நம் நாட்டிலும் குளிர்காலத்துக்கு இதில் பங்குண்டு: கங்கைச் சமவெளியின் மூடுபனி, பீங்கான் காப்பான்களின்மேல் படிந்த புழுதியையும் சாம்பலையும் ஈரமாக்கி மின்சாரம் கசிய வழிசெய்துவிடுகிறது. பல தடங்களில் பீங்கானுக்குப் பதிலாகப் பாலிமர் காப்பான்களைப் பிற்காலத்தில் பூட்டியதற்கு இதுவே காரணம். 2001 ஜனவரி 2ஆம் தேதி அதிகாலையில், கான்பூரை அடுத்த பான்கி துணைமின்நிலையத்தில் தொடங்கிய கோளாறு வடமண்டலத் தொகுப்பு முழுவதையும் வீழ்த்தியது.

பெங்களூரின் குளிரோ ஒரு சால்வைக்கு அடங்குவது. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் கண்ட 7.8 பாகை செல்சியஸ். கம்பியில் பனிக்கட்டி என்பது இங்கே கற்பனைக்கும் எட்டாதது. ஆயினும் குளிர்தேசத்தில் கடுங்குளிர் செய்யும் வேலையைத்தான் கர்நாடகத்தில் பொய்த்த பருவமழை செய்துவருகிறது. கடுங்குளிரில் எரிவாயுக் கிணறு, காற்றாலை, நிலக்கரிக் குவியல் எல்லாம் ஒருசேர உறைகின்றன. அதே வேளையில் வீடுகளின் வெப்பமூட்டிகள் மின்சாரத்தை மேலும் இழுக்கின்றன. மழை பொய்த்தாலும் அணைகளெல்லாம் ஒருசேர வற்றுகின்றன. அதே வேளையில் உழவரின் பம்புசெட்டுகள் மின்சாரத்தை மேலும் இழுக்கின்றன. வரவைக் குறைக்கும் காரணமே செலவையும் கூட்டுகின்ற இந்த ஒற்றுமையை மனத்தில் இருத்தினால்தான் இந்த ஊரின் மின்சார வரலாறு விளங்கும்.

அவ்வரலாறு காவிரியில் தொடங்குகிறது. மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர், சிவசமுத்திர நீர்வீழ்ச்சியின் வேகத்தைக் கோலார் தங்கவயலின் யந்திரங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு உருக்கொடுத்தார். சமஸ்தானப் பொறியியலாளர் ஜோலி டி லோட்பினியர் அதை முன்னின்று நடத்தினார். யந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்தன. 1902 ஜூன் 30 அன்று 92 மைல் தூரம் கடந்து மின்சாரம் சுரங்கங்களை அடைந்தபோது, அதுவே உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 1901 செப்டம்பரில் காலமான சேஷாத்ரி ஐயர் அந்நாளைக் காணவில்லை. பெங்களூருக்கு 1905 ஆகஸ்டில் விளக்கு வந்தது. ஆசியாவிலேயே மின்விளக்குக் கண்ட முதல் நகரம் இதுவே என்று இங்குள்ளோர் பெருமையாகச் சொல்வதுண்டு. கல்கத்தாவில் 1899லேயே மின்விநியோகம் தொடங்கிவிட்டதை அவர்களுக்கு நினைவூட்டுவது நயமாகாது.

கோடையில் காவிரி மெலிந்தால் சுரங்கத்துக்குச் செல்லும் மின்சாரமும் மெலியும் என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1911இல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகரம் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது என்றே நாம் படித்திருக்கிறோம். சிவசமுத்திரத்துக்கு ஆண்டு முழுவதும் தண்ணீர் தருவதும் அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று என்பதை அப்போதைய சமஸ்தானத் தலைமைப் பொறியியலாளர் விசுவேசுவரய்யாவின் வாதங்கள் காட்டும். பிறகு 1940இல் சிம்சாவும், 1940களின் இறுதியில் ஜோக் நீர்வீழ்ச்சி நிலையமும், 1960களில் லிங்கனமக்கி அணையை நம்பிய சராவதி நிலையமும் எழுந்தன. பத்து யந்திரங்களும் 1,035 மெகாவாட் திறனும் கொண்ட சராவதியின் மலிவான மின்சாரம் மைசூர் ராஜ்யத்துக்குப் பல ஆலைகளை அழைத்து வந்தது. ஆனால் மழையைத் தவிர வேறு எரிபொருளை அறியாத ஒரு ராஜ்யத்தையும் அது உண்டாக்கிற்று. பெரிய அனல்மின் நிலையமாகிய ராய்ச்சூர் 1985இல்தான் இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் மழை பிழைத்த ஆண்டெல்லாம் ஆலைகளுக்கு மின்வெட்டு ஆண்டாயிற்று. மலைநாட்டில் பெய்யும் மழையைத் தன் வீட்டு விஷயமாகக் கருதி, லிங்கனமக்கியின் நீர்மட்டம் 1,819 அடியை எட்டியதா என்று பத்திரிகையில் பார்க்கும் வழக்கம் பெங்களூர்வாசிக்கு ஏற்பட்டது.

1964இல் மண்டல மின்வாரியங்கள் நிறுவப்பட்டு, தென்மாநிலங்கள் ஒரே தொகுப்பாக இணைக்கப்படலாயின. அதன் தலைமையிடம் பெங்களூரே. இணைப்பினால் பலமும் வந்தது, ஒருவர் கையை மற்றவர் பையில் விடும் பழக்கமும் வந்தது. தத்தம் பங்குக்கு மேல் எடுத்தால் தண்டம் இல்லையாகையால் மாநிலங்கள் தாராளமாக எடுத்தன. 1990களில் தென்தொகுப்பின் சுழற்சி 48க்கு அருகே தவழ்ந்தது. ஒப்புக்கொண்ட அளவுக்கு மிஞ்சி எடுப்பவர், அந்நேரத்துச் சுழற்சி எண்ணுக்கேற்ற விலையைச் செலுத்த வேண்டும் என்ற முறை 2003 ஜனவரி 1ஆம் தேதி தெற்கில் அமலுக்கு வந்தவுடன் அந்த எண் நிமிர்ந்து நின்றது. இதைச் சந்தையின் வெற்றி என்பர். நான் கணக்குப்பிள்ளையின் வெற்றி என்பேன்.

தனியார்மயத்தின் கதை இதற்குச் சற்று முந்தியது. 1991இல் மின்னுற்பத்தி தனியாருக்குத் திறக்கப்பட்டது. மங்களூர் அருகே 1,000 மெகாவாட் நிலையம் கட்ட வந்த அமெரிக்காவின் கோஜென்ட்ரிக்ஸ் கம்பெனி, வழக்குகளிலும் அனுமதிகளிலும் ஆண்டுகள் பல கழிந்தபின் 1999 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டது. அதே 1999இல் கர்நாடக மின்சாரச் சீர்திருத்தச் சட்டம் அமலாகி, பழைய மின்வாரியம் கலைந்து, விலை நிர்ணயிக்கத் தனி ஆணையம் ஏற்பட்டது. 2002 ஜூன் 1 அன்று பெங்களூருக்கும் சுற்றுமாவட்டங்களுக்கும் பெஸ்காம் என்ற விநியோக நிறுவனம் பிறந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் தன் மின்துறையைச் சந்தைக்கு விட்ட சட்டமும் அதே 1999இல் இயற்றப்பட்டதுதான். தற்செயலான ஒற்றுமையேயாயினும் பின்னால் இது நமக்குப் பயன்படும்.

பெஸ்காம் முதலியவற்றைத் தனியாரிடம் ஒப்படைக்கும் யோசனை பிரஸ்தாபத்தில் இருந்தும் நிறைவேறவில்லை. அதற்குக் காரணங்கள் பல. ஒடிசாவின் அனுபவமும் கண்முன் இருந்தது. அம்மாநிலத்தின் நடுப்பகுதி விநியோகத்தை 1999இல் ஓர் அமெரிக்க நிறுவனம் ஏற்றுக்கொண்ட சில வாரங்களில், அக்டோபர் 29ஆம் தேதிப் பெரும்புயல் கம்பங்களையும் கம்பிகளையும் வாரிச் சென்றது. வசூலாகாத பாக்கியும் சேர்ந்துகொள்ள, 2001இல் அந்நிறுவனம் பொறுப்பை உதறிவிட்டுச் சென்றது. புயலுக்குப் பின் ஊரைவிட்டுப் போக முடியாதது அரசாங்கம் ஒன்றுதான்.

2003ஆம் ஆண்டு மத்திய மின்சாரச் சட்டம் உற்பத்திக்கு உரிமம் வேண்டாம் என்றது. கம்பிகளை யாவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம் என்றது. 2008 ஜூன் மாதத்தில் மின்சாரத்துக்கும் ஒரு பரிவர்த்தனைச் சந்தை திறக்கப்பட்டது. அதே ஆண்டு முடிவதற்குள் கர்நாடக அரசு அச்சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, மாநிலத்திலுள்ள தனியார் நிலையங்கள் மாநிலத் தொகுப்புக்கே மின்சாரம் தர வேண்டும் என்று ஆணையிட்டது. அசாதாரண நிலைமையில் எந்த நிலையத்தையும் எவ்வாறு இயக்குவது என்று கட்டளையிட அரசாங்கத்துக்கு அதிகாரம் தருவது அந்தப் பிரிவு. நல்ல விலை கிடைக்கும் வேளையில் விற்க முடியாமற்போன உற்பத்தியாளர் வழக்காடினர். அவர்கள் கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

கோலாரின் பெயர் இங்கே மறுபடியும் வருகிறது. ஒடிசாவின் தால்சேரிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர் கடந்து 2,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்திசை மின்தடம் 2003இல் கோலார் மாவட்டத்தில் வந்து முடிந்தது. 1902இல் நீண்ட தடத்தின் முனையாக இருந்த இடம் நூறாண்டுக்குப் பின்னும் அவ்வாறே ஆயிற்று. தங்கச்சுரங்கங்கள் 2001இலேயே மூடப்பட்டுவிட்டன. நேர்திசைத் தடத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: இருபுறத்துத் தாளங்களையும் ஒன்றோடொன்று கலக்காமல் மின்சாரத்தை மட்டும் அது கடத்தும். 2012 ஜூலை 30ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் வடமண்டலமும், மறுநாள் பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் வீழ்ந்து 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் மின்சாரமின்றி நின்றபோது, அவற்றோடு நேர்திசை இணைப்புகளால் மட்டும் பிணைக்கப்பட்டிருந்த தென்தொகுப்பு தப்பியது. டெல்லியில் மெட்ரோ ரயில்கள் நின்றன; பெங்களூரில் அவ்வாண்டு மழைக்குறைவால் வழக்கமாயிருந்த மின்வெட்டு மட்டுமே இருந்தது.

தீவாக இருப்பதே க்ஷேமம் என்று அப்போது பலர் எண்ணினர். அவர்களுக்கு 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் விடை சொன்னது. அம்மாநிலத்தின் தொகுப்பும், பழைய தென்தொகுப்பைப் போலவே, அண்டை மாநிலங்களோடு சிறிய நேர்திசை இணைப்புகளை மட்டும் கொண்ட தீவு. உறைகுளிரில் எரிவாயுக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. சில இடங்களில் வாயுவை அனுப்பும் யந்திரங்களுக்கே மின்சாரம் நிறுத்தப்பட்டதால் நிலையங்களுக்கு வாயு கிடைக்கவில்லை. பிப்ரவரி 15 அதிகாலையில், 60 ஆக இருக்க வேண்டிய சுழற்சி 59.3 வரை தாழ்ந்து, முழு வீழ்ச்சிக்கு நாலரை நிமிஷத் தொலைவில் நின்றது. சுமார் 20,000 மெகாவாட் தேவையை வெட்டியெறிந்துதான் தொகுப்பைக் காப்பாற்றினர். 45 லட்சம் வீடுகள் இருண்டன. அரசாங்கக் கணக்கின்படி இறந்தோர் 246 பேர். பெங்களூரிலிருந்து ஆஸ்டினுக்கும் டாலஸுக்கும் வேலைக்குச் சென்ற குடும்பங்கள், கம்பளிக்குள் சுருண்டு, காரில் ஏறிக் கைப்பேசிக்கு உயிரேற்றிய காலம் அது. 1989இலும் 2011இலும் இதே போன்ற உறைகுளிர் வந்து, நிலையங்களைக் குளிருக்கு ஏற்ற வகையில் காப்பிட வேண்டும் என்று ஆலோசனையும் கூறப்பட்டிருந்தது. கட்டாயமில்லாத ஆலோசனையாதலால் அதற்குப் பணம் செலவிட்டோர் சிலரே. சந்தை விலை யூனிட்டுக்கு 9 டாலர், அதாவது நம் பணத்தில் 600 ரூபாய்க்கு மேல், என்னும் உச்சத்திலேயே நாட்கணக்கில் நின்றது. அவ்வளவு விலை கொடுத்தும் உறைந்த குழாயில் வாயு வரவில்லை.

மழை பொய்த்த ஆண்டுக்காகவும், உறைகுளிர் வரும் வாரத்துக்காகவும், மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும் நிலையத்துக்கு யார் கூலி கொடுப்பது என்பதே இந்தத் துறையின் ஆதாரக் கேள்வி. விற்ற யூனிட்டுக்கு மட்டும் விலை தரும் சந்தை அந்தக் கூலியைக் கொடுப்பதில்லை. பழைய வாரியங்கள் கொடுத்தனவா என்றால், 1970களின் மின்வெட்டுகளைக் கண்டவர் எவரும் ஆம் என்று சொல்லத் துணியார்.

2013 டிசம்பர் 31 இரவு, ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தென்தொகுப்பு நாட்டின் பொதுத் தொகுப்போடு ஒரே தாளத்தில் இணைந்தது, தீவு தீபகற்பமாயிற்று. தென்மண்டலத்தின் கட்டுப்பாட்டு மையம் பெங்களூர் ரேஸ்கோர்ஸ் வட்டாரத்தில் இயங்குகிறது. துமகூரு மாவட்டத்துப் பாவகடாவில் எழுந்த 2,050 மெகாவாட் சூரியவெளிப் பூங்கா, மழையை நம்பாத மின்சாரத்தைத் தருகிறது. ஆனால் விளக்கேற்றும் வேளைக்கு அது உதவாது.

பரிவர்த்தனைச் சந்தையில் யூனிட் 20 ரூபாயைத் தொட்டதைக் கண்டு, 2022 ஏப்ரலில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 12 ரூபாய் உச்சவரம்பு விதித்தது. மறு ஆண்டு கர்நாடகத்தில் பருவமழை பொய்த்தது. செப்டம்பரில் 195 தாலுகாக்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பம்புசெட்டுகள் ஓயாமல் ஓடின. உத்தரப் பிரதேசத்திடமும் பஞ்சாபிடமும் பின்னால் திருப்பித் தருவதாகச் சொல்லி மின்சாரம் கைமாற்றாக வாங்கப்பட்டது. அதுவும் போதாமல், 2023 அக்டோபரில் மாநில அரசு தனியார் நிலையங்களின்மேல் 11ஆம் பிரிவை மீண்டும் பிரயோகித்தது. சந்தையைத் திறந்துவிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது.