ஒரு தட்டு மீ கோரெங்

சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் எளியோர் பசியாற்றும் உணவுகளுள் மீ கோரெங்கும் ஒன்று. மீ என்னும் கோதுமை நூடுல்ஸ் சீனர் தந்தது. பொரித்தலைக் குறிக்கும் ‘கோரெங்’ மலாய்ச் சொல். தாயகம் அறியாத இவ்வுணவை, மிளகாய் விழுதும் தக்காளிச் சாறும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துத் தம் கைப்பக்குவத்தில் ஆக்கியளித்தோர், தமிழர் உள்ளிட்ட இந்திய முஸ்லிம் அங்காடிக்காரர்.

அன்று அவர்கள் கடை தெருவோரத்தில் இருந்தது. 1968-69இல் அரசு தெரு வணிகரைப் பதிவு செய்தது. 1971 முதல் 1986 வரை குழாய்நீரும் கழிவுநீர் வசதியும் கொண்ட நிலையங்களை எழுப்பி, அவர்களைக் குடியமர்த்தியது. தெருக்கடை மறைந்தது, சுவை மறையவில்லை.

2020இல் இப்பண்பாடு யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் பட்டியல் அடுப்பை மூட்டாது. அனலருகே நின்று முதுமையுற்றவரிடமிருந்து கரண்டியை வாங்க இளங்கைகள் வேண்டும். உண்போர்க்கு மலிவான இத்தட்டு, சமைப்போர்க்கு என்றுமே மலிவானதன்று.