கான்சாஸின் கோதுமைத் தொகுதி

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் மேற்குப் பகுதி முழுவதையும் அடக்கியது முதலாவது காங்கிரஸ் தொகுதி. மாநிலத்தின் 105 கவுண்டிகளில் பாதிக்கு மேல் இதற்குள் வருவதால் ‘பிக் ஃபர்ஸ்ட்’ என்றே அழைக்கிறார்கள். கோதுமையும் மாடும்தான் இங்கே பிழைப்பு. குடியரசுக் கட்சியின் கோட்டை என்று பெயரெடுத்த தொகுதிதான். ஆனால் ஜெயித்தவர்களையும் தோற்றவர்களையும் வரிசையாகப் பார்த்தால், கட்சிக்கொடியைவிடக் கோதுமை விலைக்கே செல்வாக்கு அதிகம் என்பது தெரியும்.

1874இல் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய மென்னனைட் கிறிஸ்தவர்கள் ‘டர்க்கி ரெட்’ என்னும் குளிர்காலக் கோதுமையைக் கொண்டுவந்தார்கள். ரயில் வந்தது, நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கிப் பலர் விதைத்தார்கள். 1880களின் இறுதியில் மழை பொய்த்து விலையும் சரிந்தபோது நிலங்கள் ஏலத்துக்குப் போயின. அந்தக் கோபத்தில் பிறந்த மக்கள் கட்சி 1890 தேர்தலில் கான்சாஸின் ஏழு இடங்களில் ஐந்தைப் பிடித்தது. தென்மேற்குக் கவுண்டிகள் அன்று ஏழாவது தொகுதியில் இருந்தன. அங்கே வென்ற ஜெர்ரி சிம்ப்சன், கடுங்குளிரில் மாட்டு மந்தையைப் பறிகொடுத்தவர். எதிராளியின் பட்டுக் காலுறையை மேடையில் கிண்டலடித்தார். இவருக்குக் காலுறையே கிடையாது என்று பத்திரிகைகள் திருப்பி எழுதின. அந்த ஏளனமே அவருக்கு விளம்பரமாகி வாக்குச் சேர்த்தது. ஆனால் மக்கள் கட்சி நீண்ட காலம் தாக்குப்பிடிக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் விவசாயிகளின் சிக்கல் தலைகீழானது. விளைந்தது விற்காமல் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. உபரித் தானியத்தை ஏழை நாடுகளுக்கு அனுப்பலாம் என்ற யோசனையை 1953இல் இம்மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள செயென் கவுண்டி விவசாயி ஒருவர் முன்வைத்தார். மறு ஆண்டே அது சட்டமானது. அறுபதுகளின் பஞ்ச காலத்தில் இந்திய ரேஷன் கடைகளுக்கு வந்த பி.எல். 480 கோதுமைக்கு இதுவே மூலம்.

1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் கான்சாஸ் ஓரிடத்தை இழக்க, மேற்கின் இரு தொகுதிகள் ஒன்றாயின. 1962இல் பதவியிலிருந்த இரு உறுப்பினர்கள் நேருக்கு நேர் மோதினார்கள். ஜனநாயகக் கட்சியின் ஃப்ளாய்ட் பிரீடிங் தோற்றார். ரஸல் ஊர்க்காரரான பாப் டோல் வென்றார். அதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சிக்கு இங்கே வெற்றியே இல்லை. டோல் முதன்முதலில் 1960இல் உட்கட்சித் தேர்தலில் தேறியதே 982 வாக்குகளில்தான். தன் பெயரிலேயே ஒரு பழச்சாறு நிறுவனம் இருந்தது வசதியாகப் போயிற்று. கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அந்த அன்னாசிச் சாற்றையே ஊற்றிக் கொடுத்தார்கள். அன்று தோற்ற கீத் செபீலியஸ், டோல் செனட்டுக்குப் போனதும் 1969இல் இந்த இடத்துக்கு வந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த பாட் ராபர்ட்ஸ் 1981இல் வந்தார். பிரதிநிதிகள் சபை விவசாயக் குழுவின் தலைவராக 1996இல் அவர் கொண்டுவந்த சட்டம் சாகுபடிக் கட்டுப்பாடுகளை நீக்கியது. ஆண்டுக்காண்டு குறையும் உதவித்தொகையை நிர்ணயித்தது. இரண்டே ஆண்டில் விலை சரிய, அரசு மறுபடி அவசர உதவியை அள்ளிக் கொடுக்க நேர்ந்தது.

விவசாய மானியம் தனியாக நின்று நிறைவேறுவது கடினம். அதனால் 1973 முதல் ஏழைகளுக்கான உணவுக் கூப்பனையும் அதே மசோதாவில் சேர்த்தார்கள். நகரத்து உறுப்பினர்களும் கிராமத்து உறுப்பினர்களும் செய்துகொண்ட பேரம் அது. 2011இல் பதவிக்கு வந்த டிம் ஹ்யூல்ஸ்காம்ப் செலவுக் குறைப்பில் விடாப்பிடியாக நின்று சொந்தக் கட்சித் தலைமையுடனேயே மோதினார். 2012 டிசம்பரில் விவசாயக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அந்த மசோதாவையும் எதிர்த்து வாக்களித்தார். விவசாயி மகனாகவே இருந்தும் அது மன்னிக்கப்படவில்லை. மாநில விவசாயிகள் சங்கமும் கால்நடை வளர்ப்போர் சங்கமும் எதிர்வேட்பாளரை ஆதரித்தன. 2016 உட்கட்சித் தேர்தலில் கிரேட் பெண்ட் நகரின் மகப்பேறு மருத்துவர் ரோஜர் மார்ஷல் அவரை வீழ்த்தினார்; விவசாயக் குழுவில் தொகுதிக்கு மீண்டும் ஓர் இடம் கிடைத்தது. மார்ஷலும் பின்னர் செனட்டுக்குப் போனார். டோல், ராபர்ட்ஸ், ஜெர்ரி மோரான் வரிசையில் அப்படிப் போன நான்காமவர் அவர்.

2022 மறுவரையறையில், ஜனநாயகக் கட்சிக்குச் சாயும் பல்கலைக்கழக நகரமான லாரன்ஸைக் கிழக்கிலிருந்து பிரித்து இத்தொகுதியோடு ஒட்டினார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போயும் வரைபடம் மாறவில்லை. அந்த ஆண்டுத் தேர்தலில், விவசாயக் குழு உறுப்பினரான டிரேசி மேன் எளிதாக வென்றார்.