யூடிகோலன்

காய்ச்சல் 102 டிகிரியைத் தொட்டால்தான் எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டிலிருந்து யூடிகோலன் பாட்டில் இறங்கும். பழைய வேட்டியில் கிழித்த துணியை நாலாக மடித்து, கிண்ணத்துப் பச்சைத் தண்ணீரில் ஒரு மூடி யூடிகோலன் விட்டு, நனைத்துப் பிழிந்து அம்மா நெற்றியில் போடுவாள். போட்டதும் சில்லென்று இருக்கும். ஐந்து நிமிடத்தில் துணி வெதுவெதுத்துவிடும். மறுபடி நனைக்க வேண்டும். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளினால் ஒரு வாசனை வருமே, அதோடு கொஞ்சம் ஆஸ்பத்திரி நெடி. வெகுநாள் அது மருந்து என்றே நினைத்திருந்தேன். பின்னால் ஒரு பெரிய கடையில் ஆண்களுக்கான 'கொலோன்' என்று கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்ததைப் பார்த்தபோதும், இரண்டும் ஒன்றுதான் என்று உறைக்கவில்லை.

உறைக்காததற்குப் பாதிக் காரணம் அந்த 'யூ'. பிரெஞ்சுப் பெயரின் முதல் சொல்லில் மூன்று எழுத்துகள் இருந்தாலும் ஒலி வெறும் 'ஓ'. சீட்டில் அச்சடித்திருந்த எழுத்துகளை ஆங்கிலமாகப் பாவித்துப் படித்த நம்மவர்கள் 'யூ' என்றார்கள். இலங்கையில் அதுவே ஓடிக்கொலோன். அவர்கள் காதால் வாங்கிய சொல்லை நாம் கண்ணால் வாங்கினோம் என்று தோன்றுகிறது.

'ஓ' என்றால் தண்ணீர். 'கொலோன்' ஓர் ஊர். ரைன் நதிக்கரையில் ஜெர்மானியர் 'கோல்ன்' என்று சொல்லும் நகரம். ஆக, கொலோன் தண்ணீர். தண்ணீர் என்பது பேச்சுக்குத்தான். பெரும்பங்கு சாராயம், அது ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால்தான் அந்தச் சில்லிப்பு.

ஊர்ப் பெயரை இன்னும் கொஞ்சம் தோண்டலாம். ரோமப் பேரரசர் கிளாடியஸின் மனைவி அக்ரிப்பினா பிறந்தது இந்த ஊரில். கி.பி. 50இல் ஊருக்குக் குடியேற்ற நகரம் என்ற தகுதி கிடைத்தது. 'கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்ஸியம்' என்று பெயரும் கிடைத்தது. இத்தனை நீளத்தை எந்த வாய் தாங்கும்? முதல் சொல் மட்டும் தங்கியது. லத்தீனில் 'கொலோனுஸ்' என்றால் உழவன். படையிலிருந்து விடுபட்டவர்களுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துக் குடியமர்த்திய ஊர் கொலோனியா. இதே சொல்தான் ஆங்கிலம் வழியே 'காலனி' ஆகி, காலனியாதிக்கம் என்றும் வந்தது, நகரில் 'பேங்க் காலனி' என்றும் வந்தது, கிராமத்தில் ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்டவர்களின் தெருவுக்கும் பெயரானது. அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் அன்றைய தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தாரே, அந்தக் காலனி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று பாட்டிலுக்குள் போய் மணக்கிறது, இன்னொன்று பட்டபாடு நமக்குத் தெரியும்.

இனி சரக்குக்கு வருவோம். இதைச் செய்தவர் ஜெர்மானியர் அல்லர். ஜோவன்னி மரியா ஃபரீனா, 1685இல் வட இத்தாலியின் மலைக் கிராமமான சாந்தா மரியா மஜோரேயில் பிறந்தவர். அந்தக் காலத்து ஐரோப்பியப் பணக்காரர்களின் மேனியில் கஸ்தூரியும் புனுகும் கனமாக மணத்தன. குளிக்காத உடம்பை மறைக்கக் கனம்தான் வேண்டும். ஃபரீனா எதிர்த்திசையில் போனார். பெர்கமோட் என்ற நாரத்தை இனப் பழத்தின் தோல் எண்ணெய், எலுமிச்சை, ஆரஞ்சு, ஆரஞ்சுப் பூ; இவற்றைத் தூய்மையான சாராயத்தில் கரைத்தார். மழை விட்ட இத்தாலிய வசந்தக் காலையை நினைவூட்டும் ஒரு மணத்தைக் கண்டுபிடித்திருப்பதாக 1708இல் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். 1709இல் கொலோனில் தொடங்கிய அந்தக் குடும்பத்துக் கடை இன்றும் அதே வம்சத்தார் கையில் இருக்கிறது. சிவப்பு டூலிப் பூ அதன் முத்திரை.

வந்தேறி ஒருவர், தன்னை ஏற்றுக்கொண்ட ஊரின் பெயரைத் தன் சரக்குக்கு வைத்தார். அதையும் பிரெஞ்சில் வைத்தார், ஏனென்றால் வாங்கக்கூடிய பிரபுக்கள் பேசியது பிரெஞ்சு. அழகான காரியம்தான், வியாபாரத்தில் அது பெரிய பிழை. ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாமே! பக்கத்துக் கடைக்காரர்கள் ஒட்டிக்கொண்டார்கள். வில்ஹெல்ம் மியூல்ஹென்ஸ் என்பவர் ஒருபடி மேலே போய், 1803இல், அந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாத இன்னொரு ஃபரீனாவைத் தேடிப்பிடித்து அவரிடமிருந்து பெயரையே விலைக்கு வாங்கினார். வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்தன. 1881இல் மியூல்ஹென்ஸின் பேரன் ஃபரீனா பெயரைக் கைவிட வேண்டியதாயிற்று. கைவசம் மிஞ்சியது வீட்டு இலக்கம். பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்திருந்த காலத்தில் அந்த வீட்டுக்குக் கிடைத்த எண் 4711. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கொலோன் அந்த எண்தான்; ஃபரீனாவின் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

மருந்தா மணமா என்ற என் சிறுவயதுக் குழப்பத்துக்கும் வரலாறு உண்டு. கொலோன் தண்ணீரை வயிற்றுவலிக்குக் குடித்தார்கள், தலைவலிக்குத் தடவினார்கள். குளித்ததும் உடம்பில் ஊற்றித் தேய்த்துவிடச் சொல்வது நெப்போலியனின் வழக்கம். அந்த நெப்போலியனே 1810இல், மருந்தென்று விற்பவர்கள் செய்முறையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டார். ரகசியத்தை விட யாருக்கு மனம் வரும்? விற்றவர்கள் இது வாசனைதான், மருந்தே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி எங்கள் அம்மாவுக்கு வந்து சேரவில்லை.

சொல் போன இடமெல்லாம் எதையாவது இழந்தது. ரஷ்யர்கள் 'அதிகலோன்' என்று சேர்த்து உருட்டிவிட்டார்கள். சவரத்துக்குப் பின் தடவினார்கள், ஓட்கா கிடைக்காத நாளில் குடிக்கவும் செய்தார்கள். அமெரிக்கர்கள் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அங்கே 'கொலோன்' என்றால் ஆண்கள் தெளித்துக்கொள்ளும் எதுவும். ஃபரீனாவின் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே பாட்டிலைத்தான் வாங்கினார்கள். துருக்கியில் 'கொலோன்யா'. அங்கே விருந்தாளி உள்ளே வந்ததும் கையை நீட்டுவார். வீட்டுக்காரர் எலுமிச்சை மணக்கும் கொலோன்யாவை உள்ளங்கையில் ஊற்றுவார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ரோஜாத் தண்ணீர். நம் கல்யாண வாசலில் இன்னும் பன்னீர்ச் செம்பு நிற்கிறது. பனிநீர்தான் பன்னீர், அதுவும் தண்ணீர்ப் பெயர்தான். நம் வாசலில் பன்னீர் இடம் விடாததால், கொலோன் கொல்லைப்புறமாக நுழைந்து நோயாளியின் கட்டிலுக்குப் போய்விட்டது போலும்.

ஜெர்மனி போய்வந்த நண்பர் ஒருவர், டூலிப் பூ போட்ட சின்ன பாட்டில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். சட்டையில் தெளித்துக்கொண்டேன். பெர்கமோட் முதலில் எழுந்தது, அரைமணியில் ஏறக்குறைய அடங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத் தேடினால் மேஜையில் பாட்டில் இல்லை. பீரோ மேல்தட்டில், தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தது.