ஒரு மணி நேரம், ஒரு லேப், தொண்ணூறு விநாடி

ஃபார்முலா 1 பார்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மட்டும் பார்க்கிறவர்கள் ஒரு கட்சி. சனிக்கிழமை குவாலிஃபையிங்கையும் விடாமல் பார்க்கிற என்னை மாதிரி ஆட்கள் இன்னொரு கட்சி. குர்காவுன் வந்த புதிதில் ஃபிளாட்டில் நாங்கள் நாலு பேர். ஒரு பஞ்சாபி, ஒரு பெங்காலி, ஒரு மலையாளி, நான். சமையல் முறை, தண்ணி பிடிக்கிற முறை எல்லாவற்றிலும் சமாதானம் ஆகிவிடும். குவாலிஃபையிங் எப்படி இருக்கணும் என்பதில் மட்டும் கடைசி வரை ஆகவே இல்லை :-)

அந்தச் சண்டைக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.

1995 வரை வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒவ்வொரு மணி நேரம் ஓட்டுவார்கள். எந்த நாளில் நல்ல நேரம் எடுத்தாலும் கணக்கு. 1996-இல் சனிக்கிழமை மட்டும், ஒரு மணி நேரம், ஒருவருக்கு 12 லேப் என்று ஆனது. கூடவே 107% விதி. முதலிடம் பிடித்தவர் 100 விநாடி எடுத்தால், 107 விநாடிக்குள் முடிக்காதவர் வீட்டுக்குப் போகலாம்.

பழைய ரசிகர்கள் இன்றைக்கும் உருகுவது இந்த முறைக்குத்தான். 1997 ஹெரெஸ் ஒன்றே போதும். வில்நெவ், ஷூமேக்கர், ஃப்ரென்ட்சன் மூவரும் அட்சரம் பிசகாமல் 1:21.072! முதலில் எடுத்தவர் என்பதால் வில்நெவுக்கு முதலிடம். ஆனால் ஒன்றை மறந்துவிடுவார்கள். பெரிய அணிகள் தடத்தில் ரப்பர் படியட்டும் என்று கராஜிலேயே உட்கார்ந்திருக்கும். முதல் இருபது நிமிஷம் ஈ ஓட்டும். மினார்டி மாதிரி சின்ன அணிதான் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

2002-இல் 17 ரேஸில் 15-ஐ ஃபெராரி ஜெயித்தது. டிவிக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 2003-இல் ஒரு டிரைவருக்கு ஒரே ஒரு லேப், அதுவும் ரேஸுக்கான பெட்ரோலோடு என்று மாற்றினார்கள். பெட்ரோல் கம்மியாகப் போட்டவன் முன்னால் நிற்பான். யார் உண்மையிலேயே வேகம் என்று யாருக்கும் தெரியாது. 2004-இல் இரண்டு சுற்றும் சனிக்கிழமையே அடுத்தடுத்து. முதல் சுற்றில் மெதுவாக ஓட்டினால் இரண்டாவதில் முன்னாலேயே கிளம்பலாம். சில்வர்ஸ்டோனில் மழை வரும் என்று பயந்து, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிய கூத்தும் நடந்தது. வேகப் போட்டியில் யார் மெதுவாகப் போவது என்று போட்டி!

2005-இல் அதையும் மிஞ்சினார்கள். சனிக்கிழமை ஒரு லேப், ஞாயிறு காலை ஒரு லேப், இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதலிடம் யாருக்கு என்று தெரிய ஞாயிறு வரை காத்திருக்கணும். ரசிகர்கள் காறித் துப்பியதில் ஆறே ரேஸில் மூட்டை கட்டினார்கள்.

ஆனால் நம்ம ஊர்க்காரனுக்கு அந்த முறையில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2005 மெல்போர்ன். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கு முதல் ரேஸ். சனிக்கிழமை மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஷூமேக்கர் ஓடும்போது கொட்டித் தீர்த்தது. அவர் பின்வரிசைக்குப் போனார். ஃபிசிகெல்லா முதலிடம். ஜோர்டான் மாதிரி ஒரு நோஞ்சான் காரில் நரேன் 12-ஆவது இடம், அலோன்சோவுக்கு முன்னால்!

பஞ்சாபி நண்பர், "இது திறமை இல்லை, லாட்டரி" என்றார். "லாட்டரி சீட்டு ஏழைக்குத்தானே வேணும், அம்பானிக்கு எதுக்கு?" என்றேன் நான். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குவாலிஃபையிங் பற்றிய எல்லா ரசிகர் சண்டையும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து நிற்கும். யார் வேகம் என்ற உண்மையைச் சொல்லணுமா, ஞாயிற்றுக்கிழமைக்குச் சீட்டைக் கலைத்துப் போடணுமா?

2006-இல் வந்தது நாக்-அவுட். 22 கார், முதல் பகுதியில் ஆறு காலி, இரண்டாவதில் ஆறு காலி, மிச்சம் பத்துப் பேர் முதலிடத்துக்கு. கடைசி விநாடி வரை பரபரப்பு, எல்லோரும் தடத்தில். ஆரம்பத்தில் கடைசிப் பகுதியில் வெறுமனே பெட்ரோலை எரித்துச் சுற்றுகிற அபத்தம் இருந்தது. 2008-இல் அதை எடுத்தார்கள். 2010-இல் ரேஸ் நடுவே பெட்ரோல் நிரப்புவதே போனதும், குறைந்த பெட்ரோலில் சுத்தமான வேகம் திரும்பி வந்தது. ரசிகர்களுக்கு மாற்றமே பிடிக்காது என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். மாற்றம் நன்றாக இருந்தால் மடியில் வைத்துக் கொஞ்சுவோம்.

ஆனால் அந்த உண்மை நம்மவர்களைச் சுட்டது. 2010 பஹ்ரைனில் சென்னை கருண் சந்தோக்கின் கார் முதன்முதலாகத் தடத்தில் ஓடியதே குவாலிஃபையிங்கில்தான். 2003-இல் கைவிட்ட 107% விதி 2011-இல் திரும்ப வந்தது. 2011, 2012 இரண்டு வருஷமும் மெல்போர்னில் எச்ஆர்டி கார்கள் அதைத் தாண்டவில்லை. நரேன் ரேஸே ஓட்டவில்லை. அலோன்சோவுக்கு முன்னால் நின்ற அதே ஊர்! காரும் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேர்மையான முறையில் ஏழைக்குச் சலுகை கிடையாது.

2016-இல் மறுபடி கை அரித்தது. தொண்ணூறு விநாடிக்கு ஒருத்தரை வெளியேற்றுவோம் என்றார்கள். மெல்போர்னில் கடைசி சில நிமிஷம் தடத்தில் ஒரு காரும் இல்லை. யாருக்கும் இல்லாமல் கொடி ஆட்டினார்கள். ரசிகர்கள், டிரைவர்கள், அணிகள் எல்லோரும் ஒரே குரலில் திட்டியும் பஹ்ரைனில் அதையே ஓட்டினார்கள். அப்புறம் 2005-இன் கூட்டல் கணக்கைத் தூசி தட்டி நீட்டியபோது அணிகள் மறுத்துவிட்டன. சீனாவில் பழைய நாக்-அவுட் திரும்பியது.

2021-இல் ஸ்பிரின்ட். சில்வர்ஸ்டோனில் வெள்ளிக்கிழமை வேகமாக ஓட்டியவர் ஹாமில்டன். குட்டி ரேஸை ஜெயித்த வெர்ஸ்டாப்பனுக்கு 'போல் பொசிஷன்' எழுதினார்கள். பட்டியல் வைத்திருக்கிற ரசிகர்கள் கொதித்தார்கள். 2022-இலேயே வெள்ளிக்கிழமைக்காரருக்கே அந்தப் பெருமை என்று மாற்றினார்கள்.

என் தீர்ப்பு இதுதான். மழையை மேலே இருந்து அனுப்பட்டும், விதிப் புத்தகத்திலிருந்து வேண்டாம். 2005-இல் நரேனுக்குக் கிடைத்த 12-ஆவது இடம் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. அதற்காக அந்த முறையைத் திரும்பக் கொண்டு வா என்று கேட்க மாட்டேன். மலையாளி நண்பர் மட்டும் இன்னும் அந்த ஒரு மணி நேர முறைக்கே ஓட்டுப் போடுகிறார். முதல் இருபது நிமிஷம் டீ போட வசதியாம்!