செத்த தேதி இல்லாத சாவு

பொட்டி தட்டுற மக்களுக்கு 'நல்' பத்தித் தெரிஞ்சிருக்கும். டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்துல 'ஆமா'வும் போடாம 'இல்லை'யும் போடாம விட்டா அதுதான் நல். கவனிக்காம கணக்கு போட்டா மொத்த ரிப்போர்ட்டும் சொதப்பிடும். அதே நல்லை ஒரு மனுஷனோட உயிருக்குப் போட்டா? நம்ம சட்டம் 1872-லேர்ந்து அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அது எங்க போய் முட்டி நின்னுச்சுன்னு பார்க்க வேளாங்கண்ணிக்குப் போகணும். அதுக்கு முன்னாடி கொஞ்சம் சட்டம்.

1872 இந்திய சாட்சியச் சட்டத்துல அடுத்தடுத்து ரெண்டு பிரிவு. 107 சொல்றது: 30 வருஷத்துக்குள்ள உயிரோட இருந்ததா தெரிஞ்ச ஒருத்தர் செத்துட்டார்னு சொன்னா, சொல்றவர்தான் நிரூபிக்கணும். 108 சொல்றது: உயிரோட இருந்தா யாருக்கு இயல்பா சேதி வந்திருக்குமோ, அவங்களுக்கு 7 வருஷமா சேதியே இல்லைன்னா, அவர் இருக்கார்னு சொல்றவர்தான் நிரூபிக்கணும். ரெண்டாவது, முதல் விதிக்கு விலக்கு. சரி, இதுல என்ன புதிர்?

ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அவர் எந்தத் தேதியில செத்தார்? காணாமப் போன அன்னிக்கா, ஏழு வருஷம் முடிஞ்ச அன்னிக்கா? 2004-ல எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்: ரெண்டுமே இல்லை. செத்திருக்கார்னு அனுமானிக்கலாம், ஆனா எப்போன்னு அனுமானிக்க முடியாது, தேதியைத் தனியா நிரூபிக்கணும். அதாவது ஏழு வருஷமும் பாலிசிக்குப் பிரீமியம் கட்டிக்கிட்டே இருக்கணும், நிறுத்தினா பாலிசி காலாவதி. ஆள் செத்தாச்சு, ஆனா செத்த நாள்னு ஒண்ணு காலண்டர்லயே கிடையாது! தர்க்கம் படிச்சவங்க யாராவது இருந்தா தலையைப் பிச்சுக்குவாங்க.

அதே வருஷம் டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்து தங்கியிருந்த யாத்ரீகர்கள் பல பேர் காலையில கடற்கரையில இருந்தாங்க. சுனாமி நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6000 பேருக்கு மேல கொண்டு போச்சு. பல உடல்கள் அடையாளம் தெரியாமலே மொத்தமா புதைக்கப்பட்டன. பல உடல்கள் கிடைக்கவே இல்லை.

இப்போ அந்த ரெண்டு பிரிவையும் இங்க வச்சுப் பாருங்க. வெளியூர்லேர்ந்து குடும்பமா வந்தவங்க குடும்பமாவே போயிட்டா, 'இயல்பா சேதி வரவேண்டியவங்க' யாரு? 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, சாவு நடந்த இடத்துல பதிவு செய்யணும். கடல் கொண்டு போனவருக்கு எது இடம்? சான்றிதழ் இல்லாம நிவாரணம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, நிலப் பட்டா மாறாது. ஏழு வருஷத்துல ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தையே பாதி முடிச்சிடும்.

அரசாங்கம் இதை தர்க்கத்தால அவிழ்க்கலை. வரையறையை மாத்துச்சு. சுனாமில காணாமப் போனவங்களுக்குத் தனி நடைமுறை வந்துச்சு: போலீஸ்ல புகார், அதிகாரி விசாரணை, பேரை வெளியிட்டு ஆட்சேபணை கேக்குறது, அப்புறம் இறப்புச் சான்றிதழ். ஏழு வருஷ மௌனத்துக்குப் பதிலா அலையே சாட்சி. இதே மாதிரி வழியைத்தான் 2013 உத்தராகண்ட் வெள்ளத்துலயும், 2021 சமோலியிலயும், 2024 வயநாடு நிலச்சரிவுக்கு அப்புறமும் எடுத்தாங்க.

ஆனா இதுக்கும் ஒரு விலை இருக்கு. ஏழு வருஷம்ங்கறது ஒருவகையில நம்பிக்கைக்குக் கொடுத்த அவகாசமும்தான். புது முறையில, 'என் புருஷன் செத்துட்டார்'னு மனைவியே சில மாசத்துல கையெழுத்து போடணும். உடலைப் பார்க்காம அதை எழுதறது சாதாரண காரியமா சொல்லுங்க?

இன்னொண்ணு. 2024 ஜூலை 1-லேர்ந்து பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாட்சிய அதினியம் வந்தாச்சு. 107, 108 இப்போ 110, 111 ஆயிடுச்சு. எண்தான் மாறியிருக்கு, 30-ம் 7-ம் அப்படியேதான். ஆயிரக்கணக்கான பேரை அலை கொண்டு போனா தனி நடைமுறை வரும். நாகைக் கரையிலேர்ந்து போன ஒரே ஒரு படகு திரும்பலைன்னா, பொது விதி இன்னமும் ஏழு வருஷம்தான். அந்த வீட்டுல மட்டும் அந்தக் கட்டம் நல்லாவே நிக்கும்... 'நல்'லாவே.