ஆணியும் முள்ளும் கித்தாப்பாலும்

பஞ்சர் ஒட்டுகிறவனே விடியுமுன் எழுந்து போய் ரோட்டில் ஆணியைத் தூவிவிட்டு வருவான் என்று ஒரு பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. நாகப்பட்டினம் வெளிப்பாளையத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த என் அப்பாவிடம் இதை வேடிக்கைக்குச் சொன்னாலும் ஆகாது. "சீமைக் கருவ முள்ளு கெடக்குற ஊர்ல ஆணிய வேற காசு குடுத்து வாங்கிப் போடுவானா?" என்று சண்டைக்கு வந்துவிடுவார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் காசு கொடுத்து ஆணி வாங்கி ரோட்டில் போட்டவர்கள் மெய்யாகவே இருந்திருக்கிறார்கள். மரத்தடியில் தண்ணீர்ச் சட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல. பிரான்சு தேசத்தில் டயர் செய்த மிஷெலின் சகோதரர்கள்.

1892 ஜூன் மாதம், பாரிஸிலிருந்து தங்கள் ஊரான கிளெர்மோன்-ஃபெரானுக்கு அவர்கள் ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். வழியில் நெவேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆள் வைத்து சாலையில் ஆணி இறைத்தார்கள். பஞ்சர் ஆக வேண்டும், எல்லாருக்கும் ஆக வேண்டும், ஆனவர்கள் தாங்களே கழற்றி ஒட்டி மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், அதை ஊர் பார்க்க வேண்டும். பார்த்தது. இதைவிடத் துணிச்சலான விளம்பரம் சைக்கிள் வியாபாரத்தில் அதற்கப்புறம் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதில் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். எங்கள் கடையில் பஞ்சர் ஒட்டுவது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. இரண்டு லிவர் போட்டு டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை உருவி, காற்றடித்து, சட்டித் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சுற்றிவருவார் அப்பா. குமிழ் வந்த இடத்தில் காப்பிங் பென்சிலால் ஒரு புள்ளி. துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி ஊதிக் காயவிட்டு, துண்டு ரப்பரை வைத்துச் சுத்தியல் பிடியால் தட்டுவார். டியூபை உள்ளே தள்ளுமுன் டயரின் உட்பக்கம் முழுக்க இரண்டு விரலை ஓட்டிப் பார்ப்பார். குத்திய முள் அங்கேயேதான் இருக்கும். இதைச் செய்யாதவனை அவர் தொழில்காரனாகவே மதிக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் அப்படி இல்லை. 1889இல் கிளெர்மோன்-ஃபெரானில் மிஷெலின் பட்டறைக்கு ஒருவர் பஞ்சரான சைக்கிளோடு வந்தார். அவருடையது அப்போது புதிதாக வந்திருந்த டன்லப் டயர். அந்த டயர் கழலாது. மரத்தில் பட்டை போல ரிம்மோடு சேர்த்துப் பசையால் ஒட்டியிருக்கும். பிய்த்தெடுத்து ஒட்டுப்போட்டுத் திரும்ப ஒட்டுவதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. பசை காய ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தார்கள். காலையில் எடுவார் மிஷெலின் அதில் ஏறி மிதித்துப் பார்த்தார். கொஞ்ச தூரத்திலேயே மறுபடி பஞ்சர். வேறொருவராக இருந்தால் இந்தச் சனியனே வேண்டாம் என்று விட்டிருப்பார். இவருக்கோ, காற்று போகுமுன் மிதித்த அந்தக் கொஞ்ச தூரம் பிடித்துப்போனது. கழற்றி மாட்டுகிற டயரை 1891இல் கொண்டுவந்தார். அதே வருஷம் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் என்பவர் அந்த டயரைப் போட்டுக்கொண்டு மூன்று நாளுக்குள் வந்து சேர்ந்தார். டன்லப் டயரில் வந்த இரண்டாமவர் வர இன்னும் எட்டு மணி நேரம் ஆயிற்று.

இந்த டன்லப் சைக்கிள்காரரே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. ஜான் பாய்டு டன்லப் ஒரு மாட்டு வைத்தியர். ஸ்காட்லாந்தில் பிறந்து அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். கல் பாவிய தெருவில் கட்டை டயர் போட்ட மூன்று சக்கர வண்டியை ஓட்டிய பையனுக்கு உடம்பெல்லாம் குலுங்குகிறது என்று, மெல்லிய ரப்பர் குழாயைத் துணியால் பொதிந்து ஒரு மரச்சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். பந்துக்கு அடிக்கிற பம்பால் காற்று ஏற்றினார். பையனுடைய வண்டிச் சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழைய சக்கரம் பாதியில் சாய்ந்தது. காற்றுச் சக்கரம் கடைசிவரை போய் வாசல் தூணில் மோதித் திரும்பி வந்தது. 1888இல் காப்புரிமை வாங்கினார். 1889 மே மாதம் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் காலேஜ் மைதானத்தில் வில்லி ஹியூம் என்பவர் இந்த உப்பின டயரோடு வந்து நின்றபோது சிரிக்காதவர் இல்லையாம். கலந்துகொண்ட நான்கு பந்தயத்திலும் அவரே ஜெயித்தார்.

தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற டப்ளின் வியாபாரியின் பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகள் தோற்றதற்கு வருந்தாமல், தோற்கடித்தது எது என்று பார்த்த மனிதர் அவர். டன்லப்பைக் கூட்டிக்கொண்டு கம்பெனி தொடங்கினார். தொடங்கிய மறு வருஷமே இடி விழுந்தது. காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் இதே காற்று டயருக்கு 1845இலேயே, டன்லப் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோதே, காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். அந்த டயர் குதிரை வண்டிக்கு. லண்டனில் ஓட்டியும் காட்டினார். மெல்லிய ரப்பர் அப்போது எளிதில் கிடைக்கவில்லை, வாங்க ஆளும் இல்லை, ஊர் மறந்துவிட்டது. சைக்கிளே பிறக்காத நாளில் சைக்கிளுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்தவர் தாம்சன். என்னைக் கேட்டால் அம்பத்தூரில் இருந்த டன்லப் டயர் ஃபாக்டரிக்கே தாம்சன் பேரைத்தான் வைத்திருக்க வேண்டும்.

டு குரோ அசரவில்லை. டயரை ரிம்மில் பிடித்து நிறுத்தும் முறைகளுக்கு வேறு இருவர் வாங்கியிருந்த காப்புரிமைகளை வாங்கிப் போட்டுக் கம்பெனியை நிமிர்த்தினார். 1896இல் எர்னஸ்ட் ஹூலி என்ற பங்குச்சந்தைப் புலி அதை 30 லட்சம் பவுனுக்கு வாங்கிக் கையோடு 50 லட்சத்துக்கு விற்றார். இரண்டே வருஷத்தில் ஹூலி திவாலானது தனிக்கதை. பேரைக் கொடுத்த டன்லப் அதற்கு முன்பே விலகிவிட்டார். டப்ளினில் ஒரு துணிக்கடையில் பங்கோடு காலம் தள்ளினார்.

அந்தக் காலத்து டயர் கறுப்பும் இல்லை. ரப்பருக்குக் கரித்தூள் சேர்த்து உரம் ஏற்றும் வழக்கம் 1910க்கு அப்புறம்தான் பரவியது. அதுவரை டயர் வெளிறிய நிறத்தில்தான் இருக்கும். மிஷெலின் விளம்பரத்தில் டயர்களை அடுக்கினாற்போல் நிற்கிறானே வெள்ளை மனிதன், அவன் 1898இல் பிறந்தவன். வெள்ளையாக இருக்கக் காரணம் அதுதான். முதல் படத்தில் கையில் கிண்ணத்தோடு நிற்கிறான். கிண்ணத்தில் ஆணியும் கண்ணாடிச் சில்லும்!

சிரித்துக்கொண்டே இதையெல்லாம் படிக்கலாம், அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதவரைக்கும். அமேசான் காட்டு மரம் ஒன்று. இன்னொன்று காங்கோ. பெல்ஜிய அரசர் லியோபோல்ட் 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்தார். சைக்கிள் டயருக்கு ஐரோப்பா பறந்த அதே 1890களில், கெடு வைத்த ரப்பரைக் கொண்டுவராத ஊர்களில் அவருடைய சிப்பாய்கள் மனிதர்களின் கையை வெட்டினார்கள். சுட்ட தோட்டாவுக்குக் கணக்காக வெட்டிய கையைக் காட்ட வேண்டும் என்ற முறையே இருந்தது. பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் எழுதிய அறிக்கை 1904இல் வெளியான பிறகுதான் இதை உலகத்திடமிருந்து மறைக்க முடியாமல் போனது.

மூன்றாவது வழி நம் பக்கம் வந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தது ஏறக்குறைய 2,700. அதில் பெரும்பங்கு இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்டது. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் போயின. பத்து வருஷம் யாரும் சீண்டவில்லை. 1888இல், டன்லப் காப்புரிமை வாங்கிய அதே வருஷம், சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு ஹென்றி ரிட்லி என்பவர் தலைவராக வந்தார். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சாய்வாகச் சீவி நாள்தோறும் பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தார். சட்டைப்பை நிறைய விதையோடு அலைந்து, கண்ட தோட்டக்காரனிடமெல்லாம் நடச் சொல்லிக் கெஞ்சினார். காப்பி போட்டிருந்தவர்கள் அவருக்கு வைத்த பேர் பைத்தியக்கார ரிட்லி. மனிதர் நூறு வயது தாண்டி இருந்து, தன்னைச் சிரித்தவர்கள் கோடீஸ்வரர் ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

மலேயாத் தோட்டங்களில் மரம் சீவ ஆள் வேண்டுமே. கங்காணிகள் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று ஊர் ஊராக வந்தார்கள். ஆள் ஏறிய துறைமுகங்களில் ஒன்று எங்கள் நாகப்பட்டினம். ரஜூலா கப்பல் என்றால் இன்றைக்கும் எங்கள் ஊர்க் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். என் தாத்தாவின் தம்பி, சின்னத் தாத்தா, அதில்தான் பினாங்கு போய், அங்கிருந்து சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனார். 1938இல் கூலியாட்களை ஏற்றுவதை இந்திய அரசு நிறுத்துவதற்குக் கொஞ்சம் முந்தி. வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு, பேர் கூப்பிடுவது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட வேண்டும். ரப்பருக்கு அங்கே கித்தா என்று பேர். கித்தா மரத்தின் பட்டையில் உளி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். மேலாகப் போனால் பால் வராது. அதற்கும் திட்டு.

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. பீரங்கிக்கும் விமானத்துக்கும் தயாராக இருந்த பிரிட்டிஷ்காரர்கள் சைக்கிளுக்குத் தயாராக இல்லை. ஒவ்வொரு டிவிஷனுக்கும் 6,000 சைக்கிள் வரை இருந்ததாக அந்தப் படையின் கர்னல் சுஜி பிற்பாடு எழுதியிருக்கிறார். தோட்டங்களுக்காக வெள்ளைக்காரன் போட்ட அருமையான தார்ச்சாலை. அதில் மிதித்துக்கொண்டு வந்தார்கள். பாலத்தைத் தகர்த்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். மலாய்க் கடைத்தெருவெல்லாம் அதற்கு முன்பே மலிவான ஜப்பான் சைக்கிள் விற்றிருந்ததால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை. கம்பெனிக்குக் கம்பெனி ரிப்பேர்க்காரர்கள் கூடவே வந்தார்கள். படையெடுப்பு வரலாற்றில் பஞ்சர் ஒட்டுகிறவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததைப் படித்தபோது எனக்கு அப்பா நினைவுதான். ஜப்பான் பக்கம் நின்றதற்கு அவர் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார் என்பது வேறு.

அந்த வெயிலில் டயர் தாங்கவில்லை. ஒட்ட நேரம் இல்லாத இடத்தில் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். நூற்றுக்கணக்கான ரிம் ராத்திரியில் தார் ரோட்டில் உருண்டால் எப்படிக் கேட்கும்? டாங்கிப் படை வருகிறது என்று எதிர்ப்பக்கத்தில் கலவரமானதாக சுஜியே சொல்கிறார். கோட்டம் எடுத்துப் பழகிய எனக்கு முதலில் தோன்றியது, அந்த ரிம்கள் என்ன கதிக்கு ஆகியிருக்கும் என்பதே. உலகத்துக்கெல்லாம் டயர் கொடுத்த கித்தாக் காட்டின் நடுவே டயரில்லாமல் ஒரு படை போயிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது.

ரப்பர் விளைந்த நாடுகள் கைமாறியதும் நேச நாடுகளுக்கு வரத்து அற்றுப்போனது. அமெரிக்காவில் யுத்தத்தின்போது ரேஷனுக்கு வந்த முதல் சாமான் டயர்தான். இலங்கையில் மரம் பட்டாலும் பரவாயில்லை என்று தமிழாட்களை வைத்துப் பாலை உறிஞ்சினார்கள். ஹாலந்தில் சைக்கிள்காரர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயையும் மரத்துண்டையும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். மலேயாவிலோ கப்பல் இல்லாததால் ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலையில்லை. பல்லாயிரம் தமிழர்களை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போட வாரிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை அது. போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். சின்னத் தாத்தா எப்படியோ தப்பித்தார். எப்படி என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

மற்றதெல்லாம் சொல்வார். அவரிடம் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணி விட்டுப்போன சைக்கிள் ஒன்று இருந்தது. டயர் நைந்து போனதும் புது டயர் எங்கே கிடைக்கும்? காற்றடைக்கிற டியூபுக்குத்தான் ஃபாக்டரி வேண்டும். கட்டிப்பால் தோட்டத்தில் குவிந்து கிடந்தது. அதைக் கயிறாகத் திரித்து ரிம்மில் வைத்துக் கம்பியால் கட்டிக்கொண்டார்களாம். பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியர் மகனுக்காகத் தூக்கிப் போட்ட கட்டை டயர், சுற்றிக்கொண்டு வந்து இவர் காலடியில் நின்றது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய பிறகு, கடைப் பலகையில் உட்கார்ந்து அப்பாவிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்ப பஞ்சரே ஆகாதே சித்தப்பா" என்றார் அப்பா, கொஞ்சம் கவலையோடு.

"ஆகவே ஆகாதுடா. ஆனா டவுனுக்குப் போயி அரிசி வாங்கிக்கிட்டு வந்தேன்னா, ராத்திரி நின்னுக்கிட்டுத்தான் சாப்பிடணும்."